பகலில் வீட்டில் இருந்தவன்

எங்கள் தெருவில் பகல் நேரத்தில் ஆண்களைப் பார்க்க முடியாது. ஒரகடத்தைச் சுற்றி இருக்கிற எல்லாத் தெருக்களும் அப்படித்தான். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறிப் போயிருப்பார்கள். இரவு ஷிப்டு முடித்து வந்தவர்கள் சன்னலுக்குப் போர்வையைக் கட்டிவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார்கள். வேலை போன பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, கைலியோடு பால் பாக்கெட் வாங்கப் போன என்னை எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, லீவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த வாரமும் கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

நான் வேலை பார்த்த இடத்தில் கார் சீட்டுக்கு அடியில் வருகிற இரும்புச் சட்டம் செய்தோம். எங்கள் லைனை மொத்தமாக வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். சின்னப் பையன்களைக் கூடவே கூப்பிட்டார்கள். ஐம்பதை நெருங்கிய எங்களைப் போன்றவர்களுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். என் மனைவி அதற்கு முன்பே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். போன் சார்ஜர் செய்கிற கம்பெனியில் பேக்கிங் பிரிவு. மகள் வேலூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். ஆக, பகலில் வீட்டில் இருந்தது நானும் என் அம்மாவும்தான்.

அப்பா நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துபோனார். அம்மா முதலில் நடவுக்கும் களை எடுக்கவும் போனாள். வயல்களில் கம்பெனிகள் எழும்பத் தொடங்கியதும் கூட்ரோட்டில் தள்ளுவண்டி போட்டு இட்லி விற்றாள். கட்டட வேலைக்காரர்கள், லாரிக்காரர்கள் எல்லாருக்கும் காலைச் சாப்பாடு அவளிடம்தான். அவள் பேசினால் ரோட்டின் அந்தப் பக்கம் வரை கேட்கும். ஒருமுறை தகாத வார்த்தை பேசிய டிரைவர் ஒருவனை அவள் திட்டிய திட்டில், அவன் தட்டை வைத்துவிட்டுக் கைகூடக் கழுவாமல் லாரியில் ஏறிப் போனான். கூச்சப்படுகிற பெண் என்று அவளை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் உடம்பு விஷயத்தில் அவள் வேறு ஆள். அண்ணன், நான், தங்கச்சி மூன்று பேரும் அவளோடு ஒரே அறையில் வளர்ந்தும், அவள் ஈரத் தலையோடு நின்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. யாரும் எழுந்திருக்கும் முன் குளித்து, புடவை கட்டி, கொண்டை போட்டுவிடுவாள். அவளுடைய உள்பாவாடை கொடியில் காய்ந்தால் அதன்மேல் ஒரு புடவையை விரித்து மறைத்திருப்பாள். காய்ச்சலுக்கு ஊசி போட்டாலும் கையில்தான் போட்டாக வேண்டும்.

அந்த அம்மா, நான் வேலையிழந்த அதே வருடம், குழாயடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேசன் செய்து பிளேட் வைத்தார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைக்கலாம். ஆனால் படுக்கையிலிருந்து எழுப்ப ஒரு ஆள் வேண்டும், கக்கூசில் உட்கார வைக்க, புடவையைத் தூக்கிப் பிடிக்க, கழுவிவிட ஆள் வேண்டும். டாக்டர் இதைச் சொன்னபோது நான், என் அண்ணன், தங்கச்சி மூவரும் நின்றிருந்தோம். அண்ணனும் நானும் ஒரே நேரத்தில் தங்கச்சியைப் பார்த்தோம்.

அவள் வந்து இருந்தாள். செங்கல்பட்டில் அவளுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, படுத்த படுக்கையாக ஒரு மாமியார் இருக்கிறார். அவள் புருஷன் போனில் பேசுகிற தோரணை நாளுக்கு நாள் மாறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். ரயில் வரும்வரை அவள் என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அண்ணிய வேலைய வுட சொல்லுண்ணா."

நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் ஒரே சம்பளம் அது. மனைவி ஷிப்டுக்குப் போகும் முன் இருட்டிலேயே அம்மாவை எழுப்பிக் கொண்டுபோய், குளிப்பாட்டி, உட்கார வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றிய காலோடு நேராக அம்மாவிடம் போவாள். நடுவில் இருக்கிற பகல் என்னுடையது. நான் சோறு கொடுப்பேன், மாத்திரை கொடுப்பேன், தண்ணீர் வைப்பேன். "பாத்ரூம் போணுமா?" என்று கேட்பேன். "வர்ல" என்பாள். ஒவ்வொரு நாளும் "வர்ல"தான். அந்த வார்த்தையைக் கேட்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வரும். ஒரு மனுஷிக்கு விடிகாலையிலிருந்து சாயங்காலம் வரை எப்படி வராமல் இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

அண்ணன் பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கி வந்தார். அம்மா ஒருநாள் கட்டிக்கொண்டாள். "நான் இன்னா தொட்டில்லயா கீறேன்" என்று மறுநாள் பிய்த்துப் போட்டாள். அரிப்பெடுத்துத் தோல் சிவந்துவிட்டது. மனைவி பழைய புடவைகளைக் கிழித்து விரிப்புத் துணி தைத்துப் போட்டாள். அவற்றைத் துவைத்துக் காயப்போடுவதும் என் வேலை. மாடியில் நல்ல வெயில் அடிக்கும். ஆனால் நான் அந்தத் துணிகளையும் அம்மாவின் பாவாடைகளையும் பின்கட்டு நடையில் கயிறு கட்டி உலர்த்தினேன். அங்கே வெயிலே வராது. ஈர வாடை போகாமல் இருக்கும். மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு, "மாடியில போட்டா இன்னாங்க?" என்று கேட்டாள். மழை வரும்போல இருந்தது என்றேன். சித்திரை மாதம் அது.

ஒருநாள் பின்வீட்டு அக்கா முறத்தில் நனைந்த வடகத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, உங்க வூட்டு சன்னல்லருந்து யாரோ தண்ணி ஊத்தறாங்க. நேத்து மொளகா காய வெச்சேன், அதுவும் போச்சு."

"எங்க வூட்டுல யாருக்கா ஊத்தப் போறாங்க? நானும் அம்மாவுந்தான் கீறோம்."

"அப்ப வானத்துலருந்தா ஊத்துது?"

நான் கொஞ்சம் கோபமாகவே பேசி அவரை அனுப்பினேன். உள்ளே போய் அம்மாவைக் கேட்டேன். "அவளுக்கு வேற வேல இல்ல" என்று அம்மா சொன்னாள். சன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்தில் டம்ளர் காலியாக இருந்தது. எடுத்துக் கழுவி, மறுபடி நிரப்பி வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குச் சில நாட்கள் கழித்து மனைவி மதியம் போன் செய்தாள். "லோடு போணுமாம், ஓ.டி. போட்டுட்டாங்க. வர லேட்டாவும். அத்தையப் பாத்துக்கோங்க." நான் அம்மாவின் அறை வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"எவ்ளோ லேட்டு?"

"தெர்லம்மா."

அம்மா கொஞ்ச நேரம் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தாள். "சரி. நீ போய் டிவி பாரு."

போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வாக்கரின் கால் தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழப் பார்க்கிறாள், முடியவில்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"ம்மா, நான் புடிக்கட்டா?"

"உள்ள வராத."

"பின்வூட்டு அக்காவக் கூப்புடட்டா?"

"யாரையும் கூப்புடாத. கதவ சாத்திக்கினு வெளிய போ."

நான் கதவைச் சாத்தினேன். அவள் சொன்னதால் சாத்தினேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஏதோ ஒரு சீரியல் ஓடியது. உள்ளே என்ன சத்தம் வந்தாலும் எனக்குக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். சன்னல் வழியாக விழுந்த வெயில் தரையிலிருந்து நகர்ந்து சுவரில் ஏறி மறையும்வரை நான் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

மனைவி வந்தாள். நேராக அறைக்குள் போனாள். பிறகு வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். சுருட்டிய துணிகளோடு வெளியே வந்தவள் என்னைப் பார்த்து, "எவ்ளோ நேரமா இப்புடி படுத்துனு கீறாங்க?" என்று கேட்டாள்.

"இப்பதான்" என்றேன்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஆமாம்மா. இப்பதான்."

மனைவி என்னையே பார்த்தாள். நனைந்த துணி ஓரமெல்லாம் காய்ந்து விறைத்திருந்தது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? துணிகளோடு பின்கட்டுக்குப் போனாள். அவள் திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அந்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் மாத்திரை கொடுத்தோம். மறுநாள் என்னைப் பார்த்து "அண்ணே" என்று கூப்பிட்டாள். அவளுடைய அண்ணன், என் பெரிய மாமா, இறந்து பல வருடம் ஆகிறது. ஆட்டோவில் தூக்கிப்போட்டு, மெயின்ரோட்டில் இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தூக்கும்போது அவள் மறுக்கவில்லை. நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை என்பதால்.

டாக்டர் சின்னப் பெண். "தண்ணி எவ்வளவு குடிக்கறாங்க?" என்று கேட்டார்.

"நல்லா குடிக்கறாங்க டாக்டர். எப்பப் பாத்தாலும் டம்ளர் காலியாத்தான் இருக்கும்" என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பின்வீட்டு அக்காவின் முறமும் நனைந்த வடகமும் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. "இல்ல டாக்டர், குடிக்காம சன்னல்ல ஊத்திட்டாங்கபோல" என்று மாற்றிச் சொன்னேன்.

சாயங்காலத்துக்குள் அண்ணன் தாம்பரத்திலிருந்து காரில் வந்தார். தங்கச்சி புருஷனோடு வந்தாள். மனைவி கம்பெனி யூனிபாரம் கோட்டோடு நேராக வந்துவிட்டாள். அம்மாவின் கட்டிலுக்கும் நாங்கள் நின்ற நடைக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரைதான் இருந்தது.

"இன்ஃபெக்ஷன் கிட்னி வரைக்கும் போயிடுச்சுன்றாங்க" என்றார் அண்ணன். "நாள்கணக்கா தண்ணியே குடிக்கல. வீட்ல சும்மாதானே இருக்க. இதைக்கூடப் பாக்க மாட்டியா?"

சும்மா என்ற வார்த்தையை மச்சான் எதிரில் சொன்னார். நான் தரையைப் பார்த்தேன்.

"அண்ணன மட்டும் சொல்லி இன்னா பண்றது?" என்றாள் தங்கச்சி. "அண்ணி வூட்டோட இருந்திருந்தா இப்புடி ஆவுமா?"

என் மனைவி அவள் பக்கம் திரும்பினாள். "நான் வூட்டோட இருந்தா ஒல எப்படி கொதிக்கும்? நீ சொல்லும்மா, நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்."

"அத ஏன் அண்ணி எங்கிட்ட கேக்கற?"

"வேற யாரக் கேக்கறது?"

"நான் பண்ணலாம்தாண்ணா" என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. "அம்மாண்ணா அவங்க. நான் எப்படி... பொடவைய..." அண்ணன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சான் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

மனைவிதான் அண்ணனைப் பார்த்துப் பேசினாள். "சரி மாமா. டிஸ்சார்ஜ் பண்ணதும் ஒரு மாசம் நீங்க வெச்சுக்கோங்க."

"மூணாவது மாடிம்மா. லிப்ட் கிடையாது."

"நீ?" என்று தங்கச்சியைக் கேட்டாள்.

"எங்க வூட்டுல ஒருத்தங்களையே நான் ஒண்டியா பாத்துகினு கீறேன் அண்ணி."

யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாருடைய காரணமும் உண்மைதான். அதனால்தானோ என்னவோ, அந்த நடையில் நிற்க அவ்வளவு அசிங்கமாக இருந்தது. மூன்று பிள்ளைகள் நின்று, பெற்றவளின் மூத்திரத்தை யார் எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. ஜுரம் இறங்கித் தெளிவாகியிருந்தது.

"மெதுவா பேசுங்க. வெளிய நாலு பேரு கீறாங்க."

ஒருவரும் திரையை விலக்கி உள்ளே போகவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்ததும் அண்ணன் ஒரு ஆளுக்கு ஏற்பாடு செய்தார். எங்கள் பக்கத்தில் அது லேசில்லை. வேலைக்கு வரக்கூடிய பெண்கள் எல்லாரும் ஏதோ ஒரு கம்பெனியில் இருக்கிறார்கள். வாலாஜாபாத் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். நல்ல பெண்மணி. அம்மா அவரோடு பழகி, வாய்விட்டுப் பேசவும் ஆரம்பித்தாள். பழகிய நேரத்தில் அவர் என்னிடம் வந்து, பெண்கள் விடுதி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, வண்டி வரும், பி.எஃப். உண்டு என்றார். அவர் மேல் என்ன குறை சொல்ல முடியும்? நானே இருந்தாலும் போயிருப்பேன்.

அவர் போன மறுநாள், மனைவி ஷிப்டுக்குக் கிளம்பிய பிறகு, சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன்.

"இத குடிம்மா. என் எதிர்ல குடி."

"தாகம் இல்ல."

"நீ ஏன் குடிக்க மாட்டன்றன்னு எனக்குத் தெரியும்."

அம்மா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் பெத்த புள்ள நீ. ஒனக்கு நான் கழுவி வுட்டேன், அது மொற. எனக்கு நீ கழுவி வுடறதுக்கு நான் போய்ச் சேந்துடலாம்."

"நீ போய்ச் சேந்தா எல்லாரும் என்னத்தான் கேப்பாங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் எவ்வளவு கேவலமான பேச்சு என்று பட்டது. ஆனால் அம்மாவின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அதுவும் சரிதான்" என்றாள்.

"நான் கண்ண மூடிக்கறேம்மா."

"மூடிக்கினேன்னு வாயில சொல்லுவ."

"துண்டு கட்டிக்கறேன்."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. "கட்டு" என்றாள். கட்டியதும், "ரெண்டு சுத்து சுத்து" என்றாள்.

கண்ணைக் கட்டிக்கொண்டு அம்மாவைத் தூக்கி நிறுத்தினேன். அவள் வாக்கரைப் பிடித்து முன்னால் நகர, நான் அவள் இடுப்பைச் சுற்றிக் கைகொடுத்துப் பின்னாலேயே போனேன். முதல் நாளே கதவு நிலையில் என் தலை மோதியது. அவள்தான் வழி சொன்னாள். இத்தனை வருடம் லாரிகள் பின்னால் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இட்லி ஊற்றியவள். "வா, வா, வா. ரைட்ல ஒடி. இன்னும் கொஞ்சம். ஹோல்டான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காத, நான் ஆடறேன்" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். உட்கார வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். அவள் பகல் வேளையில், என் எதிரில், சிறுநீர் கழித்தாள். பிறகு சொம்பை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று சொன்னாள். சாய்த்தேன்.

அன்று சாயங்காலம் வந்த மனைவியிடம் அம்மா முதல் தடவையாக, "இன்னிக்கு நீ அவசரமா ஓடியாற வேணாம்மா. ஆயிடுச்சு" என்றாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் பால் வாங்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

இப்படி எத்தனை நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தேன் என்று நினைவில்லை. ஒருநாள் நடையைக் கடக்கும்போது அவளுடைய முழங்காலை நிலையில் இடித்துவிட்டேன். வலியில் முனகியவள், "எடுத்துப் போடு அந்தத் துண்ட" என்றாள். "ஒன் வெக்கத்துக்கு என் காலு ஒடையணுமா?"

"என் வெக்கமா? நீதானம்மா கட்ட சொன்ன."

"என்னுதுதான். போதும், எடு."

எடுத்தேன். பார்க்கக் கூடாதது எதையோ பார்க்கப் போகிறோம் என்ற பயம் இத்தனை நாளாக இருந்தது. தோல் தொங்கிய ஒரு வயதான உடம்பு, அவ்வளவுதான் இருந்தது. தொடையில் ஆபரேசன் தையல். ஆனால் முதுகுக்குக் கீழே, ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து, நடுவில் வெடித்துப் புண்ணாகியிருந்தது. வேலைக்கு வந்த வாலாஜாபாத் அம்மா போன பிறகு வந்ததாக இருக்க வேண்டும், யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. மனைவி குளிப்பாட்டியது விடியாத இருட்டில், அதுவும் பாவாடை கட்டிய மேனிக்கு. அம்மா வலிக்கிறது என்று வாயைத் திறக்கவில்லை. நான்? நான் துண்டு கட்டியிருந்தேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புண் கட்டக் கற்றுக்கொண்டு வந்தேன். பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, துடைத்து மருந்து வைப்பது, ஈரம் தங்காமல் பார்ப்பது. துணிகள் வெயிலில் காய்ந்தே ஆக வேண்டும் என்று நர்சம்மா சொன்னார். அன்றைக்கு மாடியில் கொடி கட்டினேன். இரவு ஷிப்டு முடித்துவிட்டு எதிர்மாடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த ஒரு பையன், "இன்னாண்ணா, அண்ணி வேல வாங்கறாங்களா?" என்று சிரித்தான். "எங்க அம்மாவுது" என்றேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு வாயைக் கொப்பளிக்கத் திரும்பினான். இதோடு என் கூச்சம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அதற்குப் பிறகும் மாடிப்படியில் நின்று, எதிர்மாடியில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுத்துப் போவேன்.

தங்கச்சி ஒருநாள் சொல்லாமல் வந்தாள். நான் அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அவள் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுக் கைப்பையைக் கீழே போட்டாள். பிறகு முன்னறையில் உட்கார்ந்து அழுதாள்.

"நீயாண்ணா? பொம்பளைங்க நாங்க இல்லாமலா பூட்டோம்? அம்மாவ இப்படி அசிங்கப்படுத்தறியே."

அவள் சொன்னதில் பாதியை நானே எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். சொந்தக்காரர்கள் காதுக்குப் போனால் என்ன பேசுவார்கள் என்று யோசித்தாயா என்றார். அம்மா போனை வாங்கினாள்.

"டேய் பெரியவனே. நாளைக்குக் காலையில நீ வா. இல்ல ஒன் பொண்டாட்டிய அனுப்பு. இவன உள்ள வர வேணாம்னு சொல்லிடறேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அம்மா கேட்டுவிட்டு, "அப்ப வாய மூடிகினு இரு" என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டினாள். பழைய கூட்ரோட்டுக் குரல் அது. நீட்டிய பிறகு என் முகத்தைப் பார்க்காமல், போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள். அவளுக்கும் கூச்சம் தீரவில்லை.

ஒரு மழைக்காலம் அப்படிப் போனது. அம்மா தண்ணீர் குடித்தாள். புண் மெல்ல மெல்ல வற்றியது. தங்கச்சி கொஞ்ச நாள் வராமல் இருந்துவிட்டு, பிறகு மாதத்தில் ஒருமுறை வந்தாள். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆப்பிளோடு வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அம்மாவுக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தால் அவர் காரில் எதையோ மறந்துவிட்டதாக எழுந்து போவார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படி எழுந்து போனவன்தான்.

அம்மா போன பிறகுதான் எனக்கு மறுபடி வேலை கிடைத்தது. ஒரு தொழிலாளர் விடுதியில் மோட்டார், பைப், கரண்டு பார்க்கிற வேலை. இப்போது நானும் பகலில் வீட்டில் இருப்பதில்லை. தெருவில் யாரும் என்னைப் பார்த்து எதுவும் நினைக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் போன அன்றைய காலையைச் சொல்லாமல் விடக் கூடாது.

பொங்கல் முடிந்த வாரம். அரை இட்லி சாப்பிட்டாள். மீதியை நான் தட்டில் ஒதுக்கிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்தது. மதியத்துக்குள் சொந்தபந்தமெல்லாம் வந்துவிட்டார்கள். வெளியே பந்தல் போட்டு பெஞ்சில் கிடத்தி, குளிப்பாட்ட ஏற்பாடு நடந்தது. பெண்கள் நாலு பக்கமும் புடவைகளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெரியம்மா, "ஆம்பளைங்கல்லாம் கொஞ்சம் தள்ளிப் போங்கப்பா" என்றார். அண்ணன் போனார். மாமன்கள் போனார்கள். நானும் போய் அவர்களோடு நின்றேன். கைகள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

மறைப்புக்குள் ஏதோ தடுமாற்றம். "எந்தக் காலுடி ஆபரேசன் பண்ணது? எப்படித் திருப்பறது?" என்று பெரியம்மா கேட்பது காதில் விழுந்தது. தங்கச்சி தெரியாமல் முழித்தாள்போல. என் மனைவி புதுப்புடவை எடுக்க உள்ளே போயிருந்தாள்.

இடது கால். முதலில் முழங்காலுக்கு அடியில் கைகொடுக்க வேண்டும், பிறகு இடுப்பு, பிறகுதான் தோள். என் கைக்கு அது தூக்கத்திலும் தெரியும். நாலடி தூரத்தில் நான் நின்றேன். வாயைத் திறந்தால் போதும். சுற்றிலும் அண்ணன், மச்சான், மாமன்கள், தெருவின் ஆண்கள் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டி நின்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் முன்பே தெரியும். இருந்தும் அத்தனை பேர் நடுவில் என் அம்மாவின் உடம்பை எப்படித் திருப்ப வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மனைவி ஓடி வந்து மறைப்புக்குள் நுழைந்தாள். "இருங்க பெரியத்த, நான் புடிக்கறேன்" என்று அவள் குரல் கேட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் எழுந்தது. புடவைகளின் அடியிலிருந்து அந்தத் தண்ணீர் சிமெண்டுத் தரையில் வழிந்து எங்கள் கால்களை நோக்கி வந்தது. ஆண்கள் எல்லாரும் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன்.